சேறு சொல்லும் சாட்சி

இராமநாதபுரம் சீமையைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் நாவில் முந்திக்கொண்டு வருகிற தொடர் ஒன்று உண்டு: ‘வானம் பார்த்த பூமி’. ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் பெய்து தீர்ந்துவிடும். எஞ்சிய மாதங்களில் வெயிலும் காற்றுமே ஆட்சி செய்யும். கீழக்கரைக் கடலோரத்தில் நின்று நோக்கினால் ஒருபுறம் மன்னார் வளைகுடா, மறுபுறம் பனையும் உடைமரமும் சீமைக் கருவேலமும் நிறைந்த வெம்பரப்பு. இதைக் காண்பவர் எவரும், “இந்த மண் என்றுமே இப்படித்தான் இருந்திருக்கும், இனியும் இப்படித்தான் இருக்கும்” என்று தீர்ப்பு எழுதிவிடுவர்.

அந்தத் தீர்ப்பு சரியா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய விழையும் பொருள். சரியில்லை என்று மறுத்துரைக்கக் கல்வெட்டோ செப்பேடோ நம்மிடம் இல்லை. கல்வெட்டுகள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்குச் சற்று முன்னரே தொடங்குகின்றன. அவையும் மன்னர்களைப் பற்றியும் கொடைகளைப் பற்றியும் பேசுமேயன்றி, எந்த ஆண்டில் எந்த மரம் பூத்தது என்று பேசுவதில்லை. அதற்கு முற்பட்ட காலத்துக்கு வேறு சாட்சிகள் தேவை. அச்சாட்சிகள் நம் காலடியிலேயே கிடக்கின்றன. சேற்றில் புதையுண்ட மகரந்தம் ஒன்று. மணலிலும் வண்டலிலும் உறைந்துள்ள கனிமங்கள் மற்றொன்று.

அழியாத தூள்

மலரின் மகரந்தம் மென்மைக்கு உவமையாகச் சொல்லப்படுவது. ஆனால் அதன் புறச்சுவர் இயற்கைப் பொருள்களிலேயே மிகவும் உறுதியான ஒன்றால் ஆனது. ‘ஸ்போரோபொலெனின்’ என்று அதற்குப் பெயர். இலை மட்கிவிடும், மரம் இற்றுப்போகும், எலும்பும் கரைந்துவிடும். காற்றுப் புகாத ஈரச்சேற்றில் விழுந்த மகரந்த மணியின் சுவரோ பல்லாயிரம் ஆண்டுகள் கழிந்தும் வடிவம் குலையாமல் கிடக்கும். அதன் அளவோ மிகச் சிறிது: ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் முப்பது மணிகளை வரிசையாக வைத்துவிடலாம்.

ஒவ்வொரு செடிக்கும் மரத்துக்கும் மகரந்தத்தின் உருவம் தனித்தன்மையுடையது. புல்லின் மணி உருண்டையானது. வளையம் சூழ்ந்த ஒரே ஒரு துளை அதற்கு உண்டு. உப்புத் தரையில் வளரும் உமரியின் மணி, பந்தின் மீது எங்கும் துளையிட்டாற்போலக் காணப்படும். நம் நாட்டுக் கருவேலத்தின் மகரந்தம் தனித்து நிற்பதில்லை. பதினாறு மணிகள் ஒன்றாய் ஒட்டிய கொத்தாகவே வெளிப்படும். சீமைக் கருவேலமோ தனித்தனி மணிகளாகவே தூவும். பெயரால் உறவு கொண்டாடும் இவ்விரு மரங்களையும் நுண்ணோக்கி ஒரு நொடியில் பிரித்துக் காட்டிவிடும்.

ஏரி, உப்பங்கழி, சதுப்பு நிலம் ஆகியவற்றின் அடியில் ஆண்டுதோறும் வண்டல் படிகிறது. அதனுடன் அவ்வாண்டு சுற்றுவட்டாரத்தில் பூத்தவற்றின் மகரந்தமும் படிகிறது. அடியில் உள்ளது பழையது, மேலே உள்ளது புதியது. குழாய் போன்ற கருவியைச் செங்குத்தாக இறக்கி அச்சேற்றை உருளையாக வெளியே எடுத்தால், காலத்தையே நறுக்கி எடுத்தது போலாகும். பின் அதனைச் சிறுசிறு துண்டுகளாக்கி ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு செல்வர். அங்கே முதலில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் சுண்ணாம்பைப் போக்குவர். பின்னர் ஹைட்ரோபுளோரிக் அமிலத்தால் மணலையும் களிமண்ணையும் கரைப்பர். கண்ணாடியையே அரித்துவிடும் அந்த அமிலம் மகரந்தச் சுவரை ஒன்றும் செய்வதில்லை. எஞ்சியதை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, ஒவ்வொரு துண்டிலும் முந்நூறு மணிகளளவு பொறுமையாக எண்ணுவர். புல் இத்தனை, சுரபுன்னை இத்தனை, மலைக்காட்டு மரங்கள் இத்தனை என்று கணக்கெடுத்து வரைபடம் தீட்டுவர். எந்தக் காலத்தில் காடு விரிந்தது, எந்தக் காலத்தில் புல்வெளி பரந்தது என்பது அவ்வரைபடத்தில் ஏறி இறங்கும் கோடுகளாகத் தெரியும்.

காலத்தை எவ்வாறு அறிவது? உயிர்ப்பொருளில் உள்ள கார்பன்-14 என்னும் அணு 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். அமெரிக்க வேதியியலாளர் வில்லர்டு லிபியும் அவர் குழுவினரும் 1949இல் இதனைக் கொண்டு பழம்பொருள்களின் வயதைக் கணித்துக் காட்டினர். ஏறத்தாழ 50,000 ஆண்டுகள் வரை இம்முறை துணை செய்யும்.

எண்ணிப் பார்த்த மனிதர்கள்

இந்தக் கலைக்கு நூறாண்டு வரலாறு உண்டு. 1916ஆம் ஆண்டு சுவீடன் நாட்டுப் புவியியலாளர் லென்னார்ட் வான் போஸ்ட், இன்று ஆஸ்லோ என வழங்கும் நகரில், தம் நாட்டுச் சதுப்பு நிலங்களில் எண்ணிய மகரந்தங்களை வரைபடமாக்கி அறிஞர் அவையின் முன் வைத்தார். இத்துறையின் பிறப்பு அன்றே நிகழ்ந்தது என்பர். அதே நாட்டவரான குன்னர் எர்ட்மன், மகரந்தத்தைத் தூய்மை செய்யும் வேதிமுறையை வகுத்து அதனை உலகெங்கும் பரப்பினார்.

இந்தியாவில் இதற்கு வித்திட்டவர் பீர்பல் சாஹ்னி. 1946இல் இலக்னோவில் தொல்தாவரவியல் நிறுவனத்தைத் தோற்றுவித்த அவர், புதைபடிவங்கள் பதித்த அடிக்கல்லைத் தாமே உருவாக்கினார். 1949 ஏப்ரல் 3ஆம் நாள் பிரதமர் நேரு அதனை நாட்டினார். சரியாக ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 10ஆம் நாள், சாஹ்னி மறைந்தார். அவர் பெயரையே தாங்கி அந்நிறுவனம் இன்றும் பணியாற்றுகிறது.

தமிழகத்தின் பக்கத்திலேயே, புதுச்சேரியில், 1955இல் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. தென்னிந்தியத் தாவரங்களின் மகரந்தத்தை ஒப்பிட்டு அறிவதற்கான பெருந்தொகுப்பு அங்கு உருவாயிற்று. அப்பணியில் உழைத்தவர்களுள் தணிகைமணி என்னும் பெயரை நாம் மறக்கலாகாது. உலகெங்கும் மகரந்த உருவியல் பற்றி வெளிவந்த எழுத்துகளுக்கு அட்டவணை வகுத்தவர் அவர். 1986 செப்டம்பர் 5ஆம் நாள் கராச்சியில் கடத்தப்பட்ட விமானத்தில் அவர் உயிரிழந்தார். அலையாத்திக் காடுகளின் மகரந்தம் பற்றிய அவரது நூல் மறு ஆண்டில் வெளிவந்தது. சேற்றில் கிடக்கும் கண்டல் மகரந்தத்தை இனங்காண விழைவோர்க்கு அது இன்றும் கைவிளக்காகும்.

மகரந்தத்தை இனங்காண்பதற்கு முன் மரத்தை இனங்கண்டிருக்க வேண்டும். அவ்வகையில் திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967இல் இராபினாட் தாவர உலர்தொகுப்பகத்தை நிறுவிய இயேசு சபைக் குரு கே. எம். மத்தேயுவின் உழைப்பும் இங்கு நினைக்கத்தக்கது. தமிழகச் சமவெளியின் தாவரங்களை அவர் தம் குழுவினருடன் சேகரித்து, 1980களில் பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். இன்று பூப்பது எது என்று தெரியாதவர், அன்று பூத்தது எது என்று எவ்வாறு சொல்ல இயலும்?

நகர்ந்த கடல்

இனி நம் கரைக்கு வருவோம். சுமார் இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன் உலகின் வடபுலத்தைப் பெரும் பனிப்பாளங்கள் மூடியிருந்தன. கடல்நீரின் ஒரு பகுதி பனியாக உறைந்துவிட்டதால் கடல்மட்டம் இன்றைக்கு ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணையின் பெரும்பகுதி பதினைந்து மீட்டருக்கும் குறைந்த ஆழமே உடையது. எனவே இன்று கீழக்கரை மீனவர் வலைவீசும் இடங்களில் பல அன்று தரையாகவே இருந்தன. இலங்கைக்குக் கால்நடையாகவே சென்றுவர முடிந்தது. பனி உருக உருகக் கடல் ஏறிவந்தது. ஏறிய கடல் இன்றைய எல்லையோடு நின்றுவிடவில்லை. சற்று அதிகமாகவே ஏறிப் பின்னர் இறங்கியது.

அதற்குச் சாட்சி இராமேசுவரம், பாம்பன், மண்டபம் பகுதிகளில் இன்றும் உள்ளது. கடல்மட்டத்துக்கு மேலே, அலை எட்டாத உயரத்தில், வளர்ந்த நிலையிலேயே இறந்துபோன பவளப்பாறைகள் அங்குக் காணப்படுகின்றன. பவளப்பூச்சி நீருக்கு வெளியே வாழாது. எனவே அப்பாறை வளர்ந்த காலத்தில் கடல் உயர்ந்திருந்தது என்பது தெளிவு. கேம்பிரிட்ஜ் அறிஞர் ஸ்டோடார்ட்டும் மண்டபம் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தைச் சார்ந்த கோபிநாத பிள்ளையும் 1972இல் இப்பாறைகளைப் பற்றி எழுதினர். அவற்றின் வயது ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகள் எனக் கண்டனர். பின்னர் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த விக்டர் இராசமாணிக்கமும் லவ்சனும் இராமேசுவரத் தீவின் பழங்கடற்கரை மேடைகளின் வயதைக் கணித்து 1990இல் வெளியிட்டனர். நம் கரை என்பது வரைந்து முடித்த கோடு அன்று. அது பலமுறை அழித்து அழித்து எழுதப்பட்டது.

செம்மணலின் மொழி

கீழக்கரையிலிருந்து கடலோரமாகத் தென்மேற்கே சென்று தூத்துக்குடி, திருநெல்வேலிப் பகுதிகளை எட்டினால், தேரி எனப்படும் செம்மணற் குன்றுகளைக் காணலாம். பனைகள் வேரூன்றிய அந்த மணல், நெருப்பின் நிறம் கொண்டது. இங்கே மகரந்தத்தைத் தேடிப் பயனில்லை. காற்றும் வெயிலும் தாராளமாகப் புகும் மணலில் மகரந்தம் சிதைந்துவிடும். எனவே முதல் சாட்சி இங்கு ஊமை. இரண்டாம் சாட்சியாகிய கனிமமே இங்குப் பேசவேண்டும்.

அது பேசவும் செய்கிறது. தேரி மணலில் குவார்ட்சோடு இல்மனைட், கார்னெட், சிர்க்கான் முதலிய கனமான கனிமங்கள் கலந்துள்ளன. இரும்புடைய கனிமங்கள் ஈரத்தாலும் வெப்பத்தாலும் சிதைந்து, ‘ஹேமடைட்’ என்னும் செந்நிற இரும்பு ஆக்சைடாக மாறி, ஒவ்வொரு மணல்மணியின் மேலும் மெல்லிய பூச்சாகப் படிந்துள்ளது. அதாவது இரு நிகழ்ச்சிகள் இதில் பதிவாகியுள்ளன. முதலில் காற்று ஓங்கிய, தாவரப் போர்வை குறைந்த ஒரு காலத்தில் மணல் குன்றுகளாகக் குவிந்தது. பின்னர் மணலின் ஓட்டம் தணிய, ஈரமும் வெம்மையும் மாறி மாறி வந்த நெடுங்காலத்தில் அது சிவந்தது. ஓடிக்கொண்டிருக்கும் மணல் இவ்வளவு சிவப்பதில்லை; நிலைகொண்ட மணலே சிவக்கும்.

இக்குன்றுகளில் கற்கால மக்கள் விட்டுச்சென்ற நுண்கற்கருவிகள் கிடைக்கின்றன. சாயர்புரம் முதலிய இடங்களின் கருவிகளைப் பற்றி சாய்னரும் ஆல்சினும் 1956இல் விரிவாக எழுதினர். குன்றுகளின் வயதை உயர்ந்தும் தாழ்ந்தும் வந்த கடல்மட்டத்தோடு ஒப்பிட்டே அவர்கள் மதிப்பிட வேண்டியிருந்தது. இன்று ஒளிர்வுக் காலக்கணிப்பு என்னும் முறை வந்துள்ளது. குவார்ட்சு மணி கடைசியாகச் சூரிய ஒளியைக் கண்டபின் எத்தனை ஆண்டுகள் இருளில் புதைந்து கிடந்தது என்பதை அது அளந்து சொல்லும். அம்முறையால் 2012இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, ஏறக்குறைய 11,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 5,600 ஆண்டுகளுக்கு முன்பு வரை இத்தேரிகள் குவிந்தன எனக் காட்டியது. அக்கருவிகளைச் செதுக்கிய மனிதர்கள் கண்ட நிலமும் கடலும் நாம் காண்பவை அல்ல.

வாலிநோக்கத்து உப்பளங்களில் பணிபுரிவோர் மற்றொரு கனிமத்தின் மொழியை நன்கு அறிவர். கடல்நீரைப் பாத்தியில் தேக்கினால் முதலில் சுண்ணாம்பு பிரியும். நீர் மேலும் வற்றியதும் ஜிப்சம் படிகமாகும். அதற்குப் பின்னரே உண்ணும் உப்பு விளையும். இந்த வரிசை மாறுவதில்லை. எனவே பழைய உப்பங்கழியின் சேற்றில் ஓர் அடுக்கில் ஜிப்சம் படிகங்கள் நிறைந்திருந்தால், அக்காலத்தில் நீர்வரத்து குன்றி ஆவியாதல் மிகுந்திருந்தது என ஊகிக்கலாம். அவ்வாறே களிமண் வகைகளும் பேசும். மழை மிகுந்து மண் நன்கு அலசப்படும் இடத்தில் கயோலினைட் உருவாகும். ஈரமும் வறட்சியும் மாறி மாறி வரும் கரிசல் நிலத்தில் ஸ்மெக்டைட் மிகும்.

ஆயினும் ஒரே சாட்சியை நம்பித் தீர்ப்பு எழுதலாகாது என்பது பழைய நீதி. ஜிப்சம் பிற்கால நிலத்தடி உவர்நீராலும் உருவாகலாம். களிமண்ணின் விகிதம் மாறியது மழை மாறியதால் அன்றி, ஆறு தன் போக்கை மாற்றிக்கொண்டதாலும் இருக்கலாம். மகரந்தமும் முழு உண்மையைச் சொல்லிவிடாது: காற்றில் மகரந்தத்தைத் தாராளமாகத் தூவும் சுரபுன்னை சேற்றில் மிகுதியாகத் தெரியும், பூச்சிகளை நம்பி வாழும் வெண்கண்டல் தன் உண்மையான எண்ணிக்கையைவிடக் குறைவாகவே தெரியும். நண்டு வளை தோண்டி மேலடுக்கையும் கீழடுக்கையும் கலந்துவிடும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை விழுங்கியது போன்ற புயல் ஒன்று, ஒரே இரவில் ஒரு பெரும் மணலடுக்கைக் கொண்டுவந்து கொட்டிவிடும். ஆகவே கனிமமும் மகரந்தமும் கார்பனும் ஒத்துப் பேசும்போதுதான் ஆய்வாளர் துணிந்து சொல்லுவர்.

மலையின் சதுப்பும் மேலைக் கடலும்

மகரந்தத்தையும் கார்பனையும் நெடுங்காலத்துக்குக் காத்துவைத்துள்ள களஞ்சியங்களில் ஒன்று நம் தமிழகத்திலேயே உள்ளது. அது உதகைக்கு அருகே, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில், சாண்டிநல்லா என்னும் பள்ளத்தாக்கின் சதுப்பு நிலம். செடிகள் மட்காமல் அடுக்கடுக்காய் அங்குப் படிந்து கிடக்கின்றன. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சார்ந்த இராமன் சுகுமாரும் அவருடன் இரமேஷ், பந்த், இராஜகோபாலன் ஆகியோரும் அச்சதுப்பின் கார்பனை ஆராய்ந்து 1993இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். வெப்பநாட்டுப் புற்களும் மரங்களும் காற்றிலிருந்து கார்பனை ஏற்கும் வழி வேறுவேறு; அவ்வேறுபாடு மட்கிய பின்னும் மறைவதில்லை. அதனைக் கொண்டு அவர்கள் கண்டது இது: ஏறத்தாழ 20,000 முதல் 16,000 ஆண்டுகளுக்கு முன் வறட்சி மிகுந்து புல் பரந்திருந்தது. சுமார் 9,000, 10,000 ஆண்டுகளுக்கு முன் பருவமழை ஓங்கி மரங்கள் செழித்தன. 5,000 முதல் 2,000 ஆண்டுகளுக்கு முன் மீண்டும் வறட்சி வந்தது. ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்கு முன் சிறிது காலம் ஈரம் மிகுந்தது.

மேலைக் கடற்கரையில் கார்வாருக்கு அப்பால் கடலடியில் எடுத்த சேற்றைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைச் சார்ந்த காரட்டினியும் குழுவினரும் ஆராய்ந்து 1994இல் எழுதினர். மேற்கு மலைத்தொடரின் மகரந்தத்தை ஆறுகள் அங்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தன. சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முன் அலையாத்தி மகரந்தமும் பசுமைமாறாக் காட்டின் மகரந்தமும் குறைந்து, திறந்த வெளிகளின் தாவரங்கள் மிகுந்ததை அவர்கள் கண்டனர். நமக்கு எதிர்க்கரையாகிய இலங்கையில் ஹார்ட்டன் சமவெளியின் சதுப்பை ஆராய்ந்து பிரேமதிலகவும் ரிஸ்பெர்க்கும் 2003இல் எழுதியதும், கடைசிப் பனிக்காலத்தின் வறட்சியையும் பின்வந்த மழைப்பெருக்கையும் காட்டுகிறது.

இம்மூன்றையும் அப்படியே எடுத்து வந்து கீழக்கரையின் மேல் போர்த்திவிடலாகாது. அவை பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழையின் கதையைச் சொல்லுபவை; நம் மழையோ வடகிழக்கிலிருந்து வருவது. எனினும் ஒன்றை ஐயமறச் சொல்லலாம். இத்தீபகற்பத்தில் எந்த நிலமும் ‘என்றும் இப்படியே’ இருந்ததில்லை. வறட்சிக்குத் தொடக்கம் உண்டு; அளவு உண்டு; முடிவும் உண்டு.

தரிசு என்னும் சொல்

நீலகிரிச் சதுப்பு இன்னொரு பாடத்தையும் நமக்குக் கற்பித்தது. அம்மலையின் பரந்த புல்வெளிகளைக் கண்ட ஆங்கிலேய ஆட்சியாளர்கள், அவற்றைப் பயனற்ற தரிசாகக் கருதினர். காடு அழிந்ததால் வந்த வெற்றிடம் அது என எண்ணியவரும் உண்டு. வெற்றிடத்தை நிரப்ப வேண்டும் என்று சவுக்கையொத்த சீகை மரங்களையும் தைல மரங்களையும் ஆத்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்டனர். விடுதலைக்குப் பின்னரும் அது தொடர்ந்தது. ஆனால் சேறு வேறுவிதமாகச் சாட்சி சொல்லிற்று. கோடரி ஏந்திய மனிதன் அங்கு வருவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அங்கே புல்வெளி இருந்தது. அது வெற்றிடம் அன்று. தனக்கென உயிர்க்குலத்தைக் கொண்ட பழங்குடி நிலம். அந்தச் சாட்சி வந்து சேர்வதற்குள் புல்வெளியின் பெரும்பகுதி மறைந்துவிட்டது.

இராமநாதபுரத்திலும் இதே கதை நடந்தது. இந்நிலத்துக்கு உரிய உடைமரத்தையும் நாட்டுக் கருவேலத்தையும் பனையையும் கண்டும், ‘மரமில்லாத நிலம்’ என்றே பலரும் எழுதினர். விறகுப் பஞ்சத்துக்கு மருந்தாக, அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட சீமைக் கருவேலம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்குப் பரப்பப்பட்டது. மக்கள் ‘வேலிக்காத்தான்’ என்று பெயரிட்ட அது, வேலியைத் தாண்டிக் கண்மாய்க்குள் இறங்கி, வரத்துக்கால்களை அடைத்து, வயலுக்குள் புகுந்தது. 2017இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதனை அகற்ற ஆணையிடும் நிலை வந்தது. அதே வேளையில் அதனை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் ஏழைக் குடும்பங்களும் இங்கு ஆயிரக்கணக்கில் உள்ளன. பிறநாட்டு மரத்தை வரவேற்பது தவறு என்று நாம் கூறவில்லை. அரபு வணிகர் கொண்டுவந்ததாகக் கருதப்படும் பெருக்க மரம் நூற்றாண்டுகளாக இக்கரையில் யாருக்கும் தீங்கின்றி நிற்கிறது. நிலத்தின் வரலாற்றைக் கேளாமலே அதற்குத் தரிசு என்று பெயர் சூட்டியதே பிழை.

நம் முன்னோர் நிலத்தைக் கேட்டறிந்து வாழ்ந்தனர் என்பதற்குக் கண்மாய்களே சான்று. மழை மூன்று மாதத்தில் பெய்து ஓய்ந்துவிடும் என்று அறிந்து, அதனைத் தேக்க இம்மாவட்டம் முழுவதும் கண்மாய்களை வெட்டினர். ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று மக்கள் வியந்து சொல்லும் இராசசிங்கமங்கலத்துப் பெருங்கண்மாய் பாண்டியர் காலத்துப் பணி. வறட்சியை விதி என்று ஏற்றுச் சோர்ந்திருந்தால் அத்தகைய கரை எழுந்திராது. அதனை ஓர் இயல்பாக அறிந்து விடை கண்டவர்கள் அவர்கள்.

நமது அடுக்கு

இவ்வளவும் கூறியபின் ஒரு கேள்வி எஞ்சுகிறது. ஐயாயிரம் ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் இக்கரையின் சேற்றில் குழாயை இறக்கினால், நம் காலத்து அடுக்கில் என்ன காண்பார்?

முதலில், தனித்தனி மணிகளாகச் சீமைக் கருவேலத்தின் மகரந்தம் திடீரெனப் பெருகுவதைக் காண்பார். பதினாறு மணிக் கொத்தாகிய நாட்டுக் கருவேலம் குன்றுவதையும் காணக்கூடும். கடலுக்குள் ஆராய்ந்தால் இன்னொன்றும் தெரியவரும். மன்னார் வளைகுடாவின் இருபத்தொரு தீவுகளும் 1986இல் கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அவற்றுள் ஏழு தீவுகள் கீழக்கரைத் தொகுதியைச் சார்ந்தவை. அந்த ஏழில் பூவரசன்பட்டி இன்று நீருக்கு மேல் இல்லை. தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குசல்லியும் மூழ்கிவிட்டது. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல்லாண்டுகள் பவளப்பாறையை வெட்டியெடுத்ததால் அலையைத் தடுக்கும் அரண் குலைந்ததே இதற்கு முதன்மையான காரணம் எனக் கூறப்படுகிறது. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் தாமாக இறங்கியதால் பவளம் மேடாயிற்று. நம் காலத்தில் மனிதன் பவளத்தை எடுத்ததால் தீவு கடலாயிற்று. இரண்டையும் சேறு வேறுபாடின்றிப் பதிவு செய்து வைத்துக்கொள்ளும்.

இங்கே நம்மால் ஆகக்கூடிய சிறு செயல் ஒன்று உண்டு. கண்மாய்களைத் தூர்வாருவது இன்றியமையாதது. வாரிய கரம்பையை வயலில் இட்டு உழவர் பயன்பெறுவதும் நலமே. ஆனால் எந்திரங்கள் இறங்கி ஒரே வாரத்தில் வாரியெடுக்கும்போது, பல நூற்றாண்டுகள் பொறுமையாக எழுதப்பட்ட ஏடுகளும் சேர்ந்தே போகின்றன. கோடையில் காய்ந்து வெடிக்கும் கண்மாயின் மேட்டுப் பகுதியில் மகரந்தம் சிதைந்திருக்கும் என்பது உண்மை. ஆயினும் ஆழ்ந்த பகுதிகளிலும், கடலோர உப்பங்கழிகளிலும், வைகை கடலைத் தொடும் ஆற்றங்கரைச் சேற்றிலும் அது காக்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு. தூர்வாருமுன் ஆழமான ஓரிடத்தில் ஓர் உருளைச் சேற்றை எடுத்து, ஆண்டும் இடமும் குறித்து, அருகிலுள்ள கல்லூரி ஒன்றில் காத்துவைத்தால் போதும். அதற்குப் பெரும் பொருட்செலவும் தேவையில்லை. படிப்பவர் நாளை வருவார்.

ஒரு நிலத்தை நேசிப்பவர் அதன் முகத்தை மட்டும் பார்த்து முடிவுகட்டமாட்டார். அதன் கதையையும் கேட்பார். ‘வானம் பார்த்த பூமி’ என்னும் தொடரை இனி நாம் உச்சரிக்கும்போது, அது இம்மண்ணின் நெடுங்கதையில் ஓர் இயலின் பெயரேயன்றி முழு நூலின் பெயரன்று என்பதை நினைவில் கொள்வோம். அந்நூலின் அடுத்த பக்கத்தில் என்ன எழுதப்படும் என்பதில் மழைக்கும் காற்றுக்கும் உள்ள பங்கு பெரிது. நம் கைக்குள்ள பங்கும் சிறிதன்று.